குரல் உடையும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

விடியவே ஃப்ரீசிங் ரெயின், விழுந்த இடத்திலேயே உறையும் மழை. ஐந்தரைக்கே ஸ்கூல் பஸ் எல்லாம் ரத்து. பஸ் சாரதிகளுக்கு வழி சொல்லும் டிஸ்பாட்ச் அறையில் நானும் ஹீட்டரும் மட்டும். றேடியோவில் ஒரு சாரதியும் இல்லை. நல்லது.

இந்தக் குறிப்புக் கொப்பி வொய்ஸ் கிளினிக்கில் கேட்டதற்காக. ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை:

எவ்வளவு பேசினேன்
எப்போது களைத்தது
எத்தனை தரம் குரல் உடைந்தது
தண்ணீர்

இன்று பேச்சு கொஞ்சம். களைப்பில்லை. உடைந்தது நான்கு. தண்ணீர் மூன்று கிளாஸ். கோப்பி இரண்டு (கோப்பியை எழுதச் சொல்லவில்லை).

தைரொயிட் ஒப்பரேசன் முடிந்து நாலு கிழமை. கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை. அதுவே பெரிய காரியம். ஆனால் குரல்நாண் இரண்டில் இடப்பக்கத்தது அசையவில்லை. நரம்பு தூங்குகிறது என்றார் டொக்டர். எழும்பலாம், எழும்பாமலும் விடலாம்.

குரல் கீழே போய்விட்டது. ஆண்குரல். கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் மேலே பாயும், மெல்லியதாக. பிறகு தொப்பென்று கீழே விழும். போன கிழமை புதுச் சாரதி ஒருவன் றேடியோவில் "ஓகே, சேர்" என்றான். நான் திருத்தவில்லை.

இவர், என் மனுசன், நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்: "குறை நினைக்காத. நீ மேல் மாடியில நிண்டு கதைக்கேக்க வீட்டில வேற ஆரோ நிக்கிற மாதிரிக் கிடக்கு."

குறை நினைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான்.

மார்ச் 5, வியாழன்

கிளினிக். முதல் நாள். பார்க்கிங் கிடைக்க இருபது நிமிடம்.

குரல் பயிற்சி கொடுப்பவள் டெனிஸ். அறுபது இருக்கும். இந்த நாட்டின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்புப் பெண். பெரிய கண்ணாடி, பெரிய சிரிப்பு. கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொன்னாள். வாயை மூடி "ம்ம்" என்று கீழே தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

ஏற்றினேன். பாதியில் உடைந்து மேலே பாய்ந்தது. திரும்ப விழுந்தது. திரும்பப் பாய்ந்தது.

டெனிஸ் கைதட்டினாள். "இதைச் செய்வதற்குக் காசு கொடுத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். யோடல் என்று, சுவிஸ் மலைக்காரர் பாடுவது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

நான் தலையைக் குனிந்தேன். அவள் நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். உற்சாகப்படுத்தவென்று தன் போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டாள். நூறு வருடத்துக்குக் கிட்டப் பழையது, அமெரிக்காவில் ரயில் வேலை செய்த ஒருவன் பாடியது என்றாள். இரைச்சல். ஒற்றைக் கிற்றார். மூன்று வரி பாடினான். வரி முடிந்த இடத்தில் சொல் எதுவும் இல்லாமல் தொண்டை உடைந்து மேலே போனது.

எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும். எங்கள் வீட்டுக் கசெற்றின் எந்தப் பக்கத்தில் அது வரும் என்றுகூடத் தெரியும்.

"என் அண்ணன் இதைச் செய்வான்" என்றேன்.

"எங்கே? சுவிஸிலா?"

"மட்டக்களப்பில்."

டெனிஸ் போனை நிறுத்தினாள். "செய்வான் என்கிறீர்களா, செய்தான் என்கிறீர்களா?"

தெரியாது என்றேன். உண்மையான பதில் அதுதான். முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் அந்த வினைச்சொல் முடிவாகவில்லை.

உடைந்தது: எண்ணவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மழை. றோட்டோரப் பனிக்குவியல் எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. பஸ் 14 ஸ்டீல்ஸ் றோட்டில் பழுது. வேறு பஸ் அனுப்பினேன். பிள்ளைகள் நாற்பது நிமிடம் பிந்தினார்கள். ஒரு தாய் போன் எடுத்துக் கத்தினாள். நான் வாய் திறந்ததும் குரல் உடைந்தது. "சொறி, சுகமில்லையா?" என்று கேட்டு அடங்கிவிட்டாள். இந்தக் குரலால் ஒரு லாபம்.

தேவன் அண்ணனைப் பற்றி எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள். டெனிஸ்கூட எண்ணிக்கையைத்தான் கேட்பாள்.

அவனுடைய பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பாதிரிமார் இருந்தார்கள். ஊரே தமிழும் கிரிக்கெட்டுமாக இருக்க, அங்கே மட்டும் கூடைப்பந்து. பயிற்சி கொடுத்த பாதர் தெற்கு அமெரிக்க மாநிலம் ஒன்றிலிருந்து வந்தவர். அறையில் கசெற் பெட்டி. பயிற்சி முடிந்தபின் பெடியன்கள் தண்ணீர் குடிக்க அங்கே போவார்கள். எங்கள் அண்ணன் பாட்டுக் கேட்கப் போவான். பாதர் ஒரு கசெற்றைப் பதிந்தே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. குளிக்கும்போது, சைக்கிளில் வரும்போது, சோறு பிந்தினால். அம்மா கரண்டியோடு வருவாள். "தொண்டைக்குள்ள தவளையாடா வச்சிருக்காய்?"

நான் கேட்டிருக்கிறேன், அதென்ன சந்தோசப் பாட்டா என்று. பாதர் சொன்னதை அவன் எனக்குச் சொன்னான். "சந்தோசமில்லை. தூரத்துக்கு அனுப்புற சத்தம். தூரத்தில நிக்கிறவனுக்குச் சொல்லு விளங்காது. குரல் உடையிறது மட்டும் கேக்கும்."

அவனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் பதினேழு. தங்கச்சி வசந்திக்குப் பத்து. சண்டையில் வீட்டை விட்டு ஓடி அகதி முகாமில் இருந்தோம். ஒரு காலை சீருடைக்காரர் வந்தார்கள். பெடியன்களை வரிசையில் விட்டார்கள். மூன்று லொறி.

இன்று இவ்வளவு போதும்.

மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய நாள். நித்திரை குறைவு. வெயில்.

ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மாவோடு கதைக்கவில்லை. தொண்டை நோவு என்று வசந்திக்கு எழுதி எழுதிக் காலத்தைக் கடத்திவிட்டேன். அம்மாவுக்கு எண்பத்தொன்று. மட்டக்களப்பில் வசந்தியோடு இருக்கிறாள். காது மட்டும் கூர்மை, கண் மங்கல். ஞாயிறு தவறாமல் நான் எடுப்பேன். "அவளுக்கு என்னவோ நடந்திட்டு, நீங்க மறைக்கிறீங்க" என்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். ஆகவே இன்று எடுத்தேன். எனக்குக் காலை எட்டு, அங்கே பின்னேரம் ஐந்தரை.

வசந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல். "அ" கீழே. "ம்மா" மேலே பாய்ந்தது. நடுவில் உடைந்தது.

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் கேட்டது.

பிறகு அம்மா, மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல்: "தேவன்?"

போனை வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன். வேறு யாரையும் சொல்ல முடியாது.

இவர் கீழே வந்து பார்க்கும்போது சமையலறை நிலத்தில் இருந்தேனாம். கோப்பி போட்டுத் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

வேலை. உடைந்தது ஒன்பது.

மதியச் சாப்பாட்டு நேரம் வசந்தி எடுத்தாள். கார்க்குள் இருந்து கதைத்தேன்.

"அக்கா, அம்மா ராத்திரி ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவ. விடிய எழும்பித் தலைக்கு வார்த்தவ. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு எனக்குச் சொல்லுறா. அண்ணன் எங்கேயோ ஒளிச்சிருக்கானாம். சொன்னாப் பிடிச்சிருவாங்களாம்."

"நான்தான் எண்டு சொன்னியா?"

"சொன்னன். சிரிக்கிறா. என்ட பிள்ளையின்ட குரல் எனக்குத் தெரியாதா எண்டு கேக்கிறா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கோவிக்காத. வாற ஞாயிறும் எடு. ஒண்டும் சொல்ல வேணாம். பொய் சொல்ல வேணாம். ம் எண்டு மட்டும் சொல்லு. நீ இஞ்ச இருந்து பாக்கேல்லைதானே இவட நிலைமையை."

இல்லை, நான் அங்கே இருந்து பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் பார்க்கவில்லை. அந்தக் குத்து அவள் வேண்டுமென்று குத்தியதல்ல.

யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 11, புதன்

காற்று. குப்பைத்தொட்டி மூடி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் சும்மா. பஸ் தரிப்பு யாட்டில் காரை நிறுத்தி, டெனிஸ் எழுதித் தந்த பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண். பெயர்கள் மனதில் நிற்கவில்லை. கேட்டுக் குறித்தவை:

ரயில் ஆரையோ கொண்டுபோகிறது
சிறை மறியலில் இருப்பவன் தாய்க்குச் சொல்லி அனுப்புகிறான்
நெஞ்சு வருத்தக்காரன் தன் நோயையே பாடுகிறான்
திரும்ப ரயில்

எல்லாவற்றிலும் வரி முடிந்த இடத்தில்தான் குரல் உடைகிறது. பாட்டுக்கு நடுவில் இல்லை. சொல்ல இருந்ததைச் சொல்லி முடித்த பிறகு.

வேலை முடிந்தபின் வீட்டில் தனியே. துணி மடித்துக்கொண்டு, தெரியாமல் "ம்ம்" செய்தேன். படிக்கட்டுப் பக்கம் குரல் போய்த் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஏற்கெனவே எதிரொலி உண்டா? பதினொரு வருடம் இருக்கிறேன், கவனித்ததில்லை. மேலே போய் எல்லா அறையும் பார்த்தேன். வெட்கம்தான். பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

கிளினிக். உடைந்தவற்றின் எண்ணிக்கையைக் கொடுத்தேன். டெனிஸ் கணினியில் ஏற்றினாள்.

பாட்டுகள் எப்படி என்று கேட்டாள். இந்தச் சத்தம் அமெரிக்காவுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். முன்பு மலைநாட்டுப் பாட்டுக் கோஷ்டிகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து மேடை மேடையாகப் பாடின என்றாள். கூடாரக் கூத்துக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பு மேடைப் பாடகர்கள் எடுத்துத் தங்கள் ப்ளூஸ் பாட்டுக்குள் வைத்தார்கள். "எங்கள் ஆட்களுக்கு அது புதிதும் இல்லை. வயலில் ஒரு மூலையில் நின்று மற்ற மூலைக்குக் கூப்பிட்டவர்கள். குரலை உடைத்தால்தான் கேட்கும். பிறகு ரயில்பாதையில் வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஒன்றாக வேலை செய்தார்கள். யார் யாரிடம் எடுத்தது என்று இப்போது பிரிக்க முடியாது. ஆனால் கௌபோய்த் தொப்பி போட்ட வெள்ளையன் படம்தான் இசைத்தட்டு உறையில் வந்தது."

அவளுடைய அப்பா ரயிலில் போர்ட்டர். பெட்டி தூக்கி, படுக்கை விரித்து, நாடு முழுக்கப் போய் வருபவர். வீட்டுக்கு வரும்போது தெருமுனையில் நின்று இந்தச் சத்தம் போடுவாராம். "அம்மா அடுப்பை மூட்டுவா. அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடம். அந்தத் தெருவுக்கு நான் இன்னும் போவதில்லை" என்றாள்.

அவளுக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவின் போன். வசந்தி கேட்டது.

டெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கழுத்துக்குள் ஊசி போட்டால் குரல் அநேகமாகத் திரும்பும். சில மாதம் நிற்கும். அதற்குள் நரம்பு எழும்பலாம். டொக்டர் சொல்லியிருப்பார். நீங்கள் ஏன் இன்னும் தேதி எடுக்கவில்லை?"

வேலை மும்முரம் என்றேன்.

"மார்ச் பிரேக் விடுமுறையில் ஸ்கூல் பஸ் ஓடாதே" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

வானம் ஒரே சாம்பல். எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு நான் இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

எடுத்தேன். வசந்தி போனைக் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போனாள். கதவு சத்தம் கேட்டது.

நான் "ம்" என்றேன். உடைந்தது.

அம்மா அழவில்லை. அழுவாள் என்று நினைத்திருந்தேன். கணக்காக, வரிசையாகக் கதைத்தாள். நெடுநாள் சொல்ல எடுத்து வைத்திருந்தவள்போல. வளவு விற்றது. அப்பா இறந்தது. உன்ட சைக்கிளை மாமாவின்ட மகனுக்குக் குடுத்திட்டன், கோவிக்காத. நான் ம், ம்.

பிறகு சொன்னாள்:

"அண்டைக்கு நான் கிணத்தடியில நிண்டனான். உன்ட சத்தம் கேட்டது. வாளியைப் போட்டுட்டு ஓடி வந்தன். உன்ட மூத்த தங்கச்சி என்னை மறிச்சவள். அது அண்ணன் இல்லையம்மா, வேற ஆரோ பெடியன் பகிடிக்குக் கத்துறான் எண்டாள். என்ட வாயைப் பொத்தினவள். எனக்குத் தெரியும் மனே, அது நீதான் எண்டு. என்ட காதுக்குத் தெரியாதா. அவள் பாவம், குழந்தை. பயந்துபோய் நிண்டவள். இண்டைக்கும் கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுறாள். நானும் விட்டிட்டன். நீ அவளோட கோவிச்சுக்கொள்ளாத."

நான் "ம்" என்றேனா? என்றேன் போல.

"மூண்டாவது லொறியில போய் வந்தானே கோபாலன், அவனைத்தான் நான் மன்னிக்க மாட்டன். ரெண்டு பேர் திரும்பி வந்தாங்கள். மற்றவன் வெளிநாட்டுக்குப் போயிட்டான். இவன் ஊரில இருந்துகொண்டு, தேவன் எங்களோட இல்லை எண்டு சொல்லுறான். பக்கத்தில இருந்திட்டுக் காணேல்லையெண்டா அது பொய்தானே. உன்னை எங்க விட்டவன் எண்டு சொல்லப் பயம் அவனுக்கு. அவன்ட மகள்ட கலியாணத்துக்கும் நான் போகேல்லை."

அதற்குமேல் கேட்க முடியவில்லை. போனை வைக்கவும் முடியவில்லை. அவளே களைத்து, "கவனமா இரு, சாப்பிடு" என்று சொல்லி முடித்தாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் முகாம் கேற்றடியில் நின்றேன். முதலாவது லொறி போய்விட்டது. இரண்டாவது திரும்பும்போது அந்தச் சத்தம் வந்தது. அவன் தலை தெரிந்தது. எங்களுக்கு எந்த லொறி என்று தெரியட்டும் என்றுதான் செய்தான். எனக்கு அந்த நொடியே விளங்கியது. அதற்குச் சற்று முன்னர்தான் மகனின் கையைப் பிடித்த ஒரு தாயைத் துவக்குப் பிடியால் அடித்திருந்தார்கள். அவள் எழும்பவே இல்லை. அம்மா வாளியை எறிந்துவிட்டு ஓடி வருவதைக் கண்டேன். பொத்தினேன். பொய் சொன்னேன்.

அந்தப் பொய் ஒரு நாளைக்கு. அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு இரண்டாவது லொறியில் போனவர்களில் ஒருவர்கூட வரவில்லை என்று தெரிந்தது. மூன்றாவதில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள்; அண்ணனும் அதில்தான் போனான் என்று அம்மா நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு நான் எப்படி வாய் திறப்பது.

மார்ச் 16, திங்கள்

மார்ச் பிரேக். வேலை இல்லை. பனி தூவியது, நிலத்தில் நிற்கவில்லை.

டொக்டரின் ஒஃபிசுக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஒரு இடம் காலியாம். எடுத்துக்கொண்டேன்.

இவருக்கு எல்லாம் சொன்னேன். கலியாணம் முடித்து இருபத்தேழு வருடம். லொறிக் கதை முழுவதும் இன்றுதான் சொன்னேன். விமான நிலைய வேலைச் சட்டையோடு கட்டிலில் இருந்து கேட்டார். "அப்ப கோபாலன் எண்ட மனுசன்?" என்றார் கடைசியாக. "அவர் பாவமெல்லே."

நான் அம்மாவை நினைத்தே அழுதுகொண்டிருந்தேன். கோபாலனை ஒரு தரமும் நினைக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வசந்திக்கு எடுத்துச் சொன்னேன், நாளைக்கு அம்மாவுக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. கத்தினாள். "அவவைக் கொல்லப் போறியா? முப்பத்தஞ்சு வருசம் பொத்தி வச்சனி, இன்னும் ரெண்டு மூண்டு வருசம் பொத்த ஏலாதா?"

"நீ அண்டைக்கு எங்க நிண்டனீ?" என்றேன்.

"எனக்குப் பத்து வயசக்கா. படுத்திருந்தன்."

"நான் பக்கத்தில நிக்கிறன்" என்றாள் பிறகு.

உடைந்தது: தெரியாது. தண்ணீர்: தெரியாது.

மார்ச் 18, புதன்

வெயில். காலை ஏழு.

"அம்மா, நான் உன்ட மூத்த மகள். ஒப்பரேசனில குரல் இப்பிடிப் போச்சு. தேவன் இல்லை."

"ம்" என்றாள். இந்தமுறை அவள்.

"அண்டைக்குச் சத்தம் போட்டது அண்ணன்தான். நான் பொய் சொன்னனான்."

"அது எனக்குத் தெரியும்தானே."

"மூண்டாவது லொறி இல்லையம்மா. ரெண்டாவது. நான் கேற்றடியில நிண்டு கண்டனான்."

மின்விசிறி. எங்கேயோ ஒரு ஓட்டோ.

"ரெண்டாவதா?"

"ஓம்."

"வடிவாக் கண்டனியா?"

"ஓம். தலை தெரிஞ்சது. நீலச் சேட்டு."

"நீலச் சேட்டுத்தான்" என்றாள். எனக்குச் சொன்னதில்லை, தனக்கே. "அம்மா, மாத்திரை தரட்டா" என்று வசந்தி கேட்பது கேட்டது.

"அப்ப கோபாலன் பொய் சொல்லேல்லை" என்றாள் அம்மா.

"இல்லையம்மா."

"நான் அவனைச் சந்தியில வச்சுத் தூத்தியிருக்கன். பிள்ளைகளுக்கு முன்னால." மூச்சு வாங்கியது. "நீ ஏன் மனே சொல்லேல்லை."

எங்கள் ஊரில் மகளையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். பிறகு போனை வசந்தியிடம் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

வீடு முழுக்கத் துடைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டுக்கூட.

பத்து மணிக்கு வசந்தி. அங்கே இரவாகிவிட்டது, களைத்துப்போயிருந்தாள். அம்மா இரவு முழுக்க நித்திரை இல்லையாம். விடிய எழும்பி, ஓட்டோ பிடி என்றாளாம். எங்கே என்று சொல்லவில்லை. ஏறிய பிறகுதான் சாரதிக்கு வழி சொன்னாளாம்.

கோபாலன் வீடு.

"அவர் வாசலுக்கு வந்தவர். அம்மாவைக் கண்டதும் உள்ள போகப் பாத்தவர். திரும்பவும் ஏசப் போறா எண்டு. அம்மா போய் முற்றத்தில நிண்டா. 'தம்பி, என்ட பிள்ளை ரெண்டாவதில போனவனாம்' எண்டா. அவ்வளவுதான் அக்கா. அந்த மனுசன் தூணைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார்."

"பிறகு?"

"ரீ போட்டுத் தந்தவை. அம்மா குடிச்சவ. கோபாலன் அண்ணை சொன்னார், ரெண்டாவது லொறி வழியில வேற பக்கம் திரும்பினது, அதுக்குப் பிறகு தாங்கள் அதைக் காணேல்லையெண்டு. எந்தப் பக்கம் எண்டு அம்மா கேட்டவ. சொன்னார். ரெண்டு பேரும் அதைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைச்சிருப்பினம். வளைவு, மரம், பாலம் எண்டு. நான் வெளியில நிண்டன்."

அம்மா எனக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

இல்லை என்றாள். பிறகு, "நாளைக்கு ஊசி எண்டு சொன்னன். குரல் மாறிப்போகுமா எண்டு கேட்டா. ஓம் எண்டன். போகமுந்தி எடுக்கச் சொல்லு எண்டவ."

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாள் பேசக்கூடாது. ஆகவே விரிவாக எழுதலாம். ஆனால் எழுதக் கொஞ்சம்தான் இருக்கிறது.

ஊசி பொறுக்கக்கூடிய நோ. கழுத்தின் முன்பக்கம், விறைக்க மருந்து போட்டு. மூக்கு வழியே கமெரா. பத்து நிமிடம். "ஈ" சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒரு பெண்ணின் குரல் வந்தது. என்னுடையது. வயதுபோனது மாதிரி இருந்தது.

அதற்கு முன்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கார் பார்க். மூன்றாவது தளம். இவரை முதலே உள்ளே போய்ப் பதியச் சொன்னேன். கார்க் கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு அம்மாவுக்கு எடுத்தேன். வசந்தி போனைக் கொடுத்தாள்.

"மகள்" என்றாள் அம்மா. தேவன் என்று சொல்லவில்லை.

"ஓமம்மா."

"அவன் லொறியில இருந்து போட்டதை ஒருக்காப் போடு. முழுசா."

ஆறு கிழமையாக இந்தக் குரல் தானாக உடைந்தது. நானாக உடைத்ததில்லை. கிளினிக்கில் சொல்லித் தந்தபடி முதுகை நிமிர்த்தி, கீழே தொடங்கி, விட்டேன். தழும்பு இழுத்தது. கார்க்குள் அது பெரிய சத்தமாக இருந்தது. பக்கத்துக் காரில் கோப்பியோடு இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை மனே" என்றாள். "அவன்ட இதைவிட நீளம்."

மூச்சை நன்றாக இழுத்துத் திரும்பச் செய்தேன். "இன்னும்" என்றாள். திரும்பச் செய்தேன். போதும் என்று அவள் சொல்லவில்லை.

எட்டரைக்குத்தான் என் நேரம். உள்ளே போகும்போது ஒன்பதுக்குப் பத்து.